சொரசொரப்புப் பக்கம்

கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதியோரம் மஸாஹிரின் கண்ணாடிக் கடை இருக்கிறது. முன்னால் நிலைக்கண்ணாடிகளும் மீன்தொட்டிகளும் அடுக்கியிருக்கும். பின்னால் தகரக் கொட்டிலுக்குள் கொம்பிரஸர் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே, தலையில் பெரிய ஹெல்மெட்டும் முழங்கைவரை கையுறையுமாக ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று புதிதாய் வருகிறவர்களுக்குத் தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்னலை வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான், "அட, பொம்பிளைப் பிள்ளையோ!" என்று வாயைப் பிளப்பார்கள். அந்த வாய்பிளப்பு சுமித்திராவுக்கு அலுத்துப்போய் வருடக்கணக்காகிறது.

அவளுடைய வேலை, நல்ல கண்ணாடியைக் கணக்காகக் காயப்படுத்துவது. மறைக்கவேண்டிய இடத்தில் ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டு மிச்சத்தில் காற்றோடு மணல் போன்ற பொடிமணியை அடித்தால், பளிச்சென்ற முகம் பனி மூடியது போல வெளுத்துவிடும். மயில் வரும், தாமரை வரும், வீட்டுக்காரர் பக்திமான் என்றால் முன்கதவில் பிள்ளையாரும் வந்து குந்துவார். பூவிதழுக்கு, வாளியிலிருந்து மணியை உறிஞ்சி மெல்ல ஊதும், கைத்துப்பாக்கி போன்ற சின்னத் துவக்கு. தடித்த கண்ணாடியில் விரல் புதைய ஆழமாகக் குடைய, அழுத்தத் தொட்டியிலிருந்து உதைத்துத் தள்ளும் பெரிய குழாய். இதை அங்கேயும் அதை இங்கேயும் பிடித்தால் பிள்ளையாருக்குத் தும்பிக்கை இருக்காது.

மஸாஹிர் நானா நல்ல மனிதர்தான். ஆனால் சிக்கனம் என்று வந்துவிட்டால் எறும்பு அவரிடம் பாடம் கேட்கவேண்டும்.

"முல்லைத்தீவுக் கடற்கரை முழுக்க மண் கிடக்குது புள்ள," என்று தொடக்கத்தில் அவர் சொன்னார். "அல்லாஹ் சும்மா தந்ததை விட்டிட்டு, ஏன் மூட்டை மூட்டையாக் கார்னெட் கல்லுத்தூள் வாங்கவேணும்?"

"நானா, அந்த மண் கண்ணாடியிலை பட்டுத் தூளாகினால் நெஞ்சுக்குள்ளை போய்க் குடியிருக்கும். பிறகு எழும்பாது. உங்களுக்கு மண்தான் வேணுமெண்டால் நீங்கள் உள்ளுக்கு நிண்டு அடியுங்கோ. நான் கல்லாவிலை இருக்கிறன்."

மறுவாரம் செந்நிறக் கார்னெட் மூட்டைகள் வந்து இறங்கின. காற்று வரும் குழாய் பூட்டிய ஹெல்மெட்டும் கூடவே வந்தது. அன்றிலிருந்து பின்கொட்டில் அவளுடைய இராச்சியம்.

சுமித்திராவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆட்களைக் கண்டால் என்ன கண்ணாடி என்று மனதுக்குள் தரம்பிரித்துவிடுவாள். அவளைப் பெண் பார்க்க வந்த முதலாவது மாப்பிள்ளை சாதாரணக் கண்ணாடி. எல்லாம் வெளியே தெரிந்தது, பேசவும் சுகமாக இருந்தது. ஆனால் அவள் வேலையை விடமாட்டேன் என்று ஒரு தட்டுத் தட்டியதும் கத்தி கத்தியாகச் சிதறிவிட்டான். அடுத்தவன் ரெம்பர் கண்ணாடி. நெருப்பில் போட்டுக் குளிர்த்தி எடுத்த அந்தச் சாதி, நடுவில் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். ஓரத்தில் சின்னதாய் ஒரு கொத்துப் பட்டால் போதும், ஒரே நொடியில் கற்கண்டாய்க் கொட்டிவிடும். அவனுடைய ஓரம் எதுவென்றால், அவளுடைய சம்பளம் அவனுடையதைவிடக் கூட. மூன்றாமவன் லமினேட். இரண்டு தட்டுக்கு நடுவே பசை வைத்த கண்ணாடி அது, உடைந்தாலும் விழாது. அவன் மாட்டேன் என்று சொன்ன பிறகும் மாதக்கணக்காக வட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தான்.

மூன்று பேருடைய வீட்டுக்காரர்களும் கேட்டது ஒரே கேள்விதான். "கல்யாணத்துக்குப் பிறகு இந்த வேலையை விடுவாதானே?"

இப்போது அந்தக் கேள்விக்கு முன்னைவிடக் கனம் கூடியிருந்தது. மஸாஹிர் தைப்பொங்கல் கழியப் புதுக்குடியிருப்பில் இரண்டாவது கடை திறக்கப்போகிறார். "அதை நீதான் பாக்கவேணும் புள்ள. உனக்கெண்டு புதுத் தொட்டி, புதுக் கொட்டில்," என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து சுமித்திராவுக்கு நித்திரையிலும் அந்தப் புதுக் கொட்டில்தான். கல்யாணம் வேண்டாம் என்றில்லை. ஆனால் தாலியை வாங்கிக்கொண்டு துவக்கைக் கொடுத்துவிடு என்றால் அவளால் முடியாது.

அப்பா கதிர்காமநாதனுக்கு வேறு கவலை. கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குடியிருக்கும் தர்மபுரத்தில் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பிருக்கிறது. மகள் தூசுக்குள் நின்று கண்ணாடி அடிக்கிறாள் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழும்பவில்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்று பெரியவர்களே அனுமதித்திருக்கும்போது, அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். நாலாவது மாப்பிள்ளை வீட்டாரிடம், "பிள்ளை கொம்பியூட்டரிலை டிசைன் போடுறா," என்றார்.

"அப்பா, அது பொய்."

"ஸ்ரிக்கர் டிசைனைக் கொம்பியூட்டரிலைதானே போடுறாய்? அப்ப அரைவாசி உண்மை. மிச்ச அரைவாசியை அவை வீட்டை வந்த பிறகு பாப்பம்."

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. வேறொரு திட்டம் வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பாள். வந்தவர்கள் அவளைப் பார்ப்பார்கள், அவள் தரையைப் பார்ப்பாள். மாப்பிள்ளையின் முகத்தைவிட அவனுடைய செருப்புத்தான் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். இந்த முறை முதலில் பார்ப்பது அவளாக இருக்கவேண்டும். ஆள் எந்தக் கண்ணாடி என்று தெரிந்துகொண்டுதான் வெளியே வருவது என்று முடிவெடுத்திருந்தாள்.

வழியும் கையிலேயே இருந்தது. முன் விறாந்தைக்கும் சமைக்கும் குசினிக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு வைக்கவேண்டும் என்று அம்மா மீனம்மா கேட்டுக்கொண்டேயிருந்தார். சுமித்திரா எட்டு மில்லிமீற்றர் ரெம்பர் கண்ணாடி எடுத்து, பழம் காய்த்த பாலைமரக் கொப்பு ஒன்றை அதில் அடித்தாள்.

சொரசொரப்பான கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. அதில் தண்ணீர் பட்டால் அடிபட்ட குழியெல்லாம் நிரம்பி, அந்த இடம் தெளிந்துவிடும். காய்ந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். பளையில் ஒருவர் குளியலறைக் கதவின் சொரசொரப்பை உள்பக்கம் வரப் பொருத்திப் பூட்டிவிட்டார். அவர் வாளியைத் தலையில் கவிழ்க்கக் கவிழ்க்கக் கதவு தெளியத் தொடங்கியது. பாட்டு வேறு பாடியிருக்கிறார். மறுநாள் அவருடைய மனைவி கடைக்கு வந்து போட்ட சத்தத்தில், மீன்தொட்டிகள் தாமாகவே வெடித்துவிடுமோ என்று மஸாஹிர் பயந்துபோனார்.

அதற்குப் பிறகு சுமித்திரா எந்த வாடிக்கையாளருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். வீட்டுக்கு வந்தாலும் போனில் அதே புராணம். "அண்ணை, சொரசொரப்புப் பக்கம் தண்ணிக்கும் வரக்கூடாது, குசினிக்கும் வரக்கூடாது. எண்ணெய்ப்புகை பிடிச்சால் பிறகு போகாது." அப்பா கதிரையில் பேப்பர் விரித்தபடி இருப்பார். மகளின் தொழில்பேச்சு காதில் விழாதது போலப் பக்கத்தைத் திருப்புவார்.

தன் சொந்த வீட்டுத் தடுப்புக்கு மட்டும் அவள் அந்தச் சட்டத்தை மீறினாள். சொரசொரப்புப் பக்கத்தில் 'குசினிப் பக்கம்' என்று எழுதிய ரேப் நாடாத் துண்டு ஒன்றை ஒட்டி அனுப்பிவைத்தாள். ஈரத்துணியால் ஒரு சின்ன வட்டம் துடைத்தால் போதும், விறாந்தை முழுவதும் தெரியும். பார்த்து முடிய அது தானாகவே மூடிக்கொள்ளும். சாட்சியே இல்லாத ஜன்னல்!

பெண் பார்க்க வரக் குறித்த நாளன்று காலையில் தச்சர் வந்து, அப்பாவின் மேற்பார்வையில் தடுப்பைப் பூட்டிவிட்டுப் போனார். சுமித்திரா கடைக்கு அரைநாள் போய், வேலை முடித்து, ஹெல்மெட்டையும் கையோடு கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதன் காற்றுக் குழாயில் ஒரு கசிவு, வீட்டில் வைத்துத் திருத்தலாம் என்று எண்ணம். அப்பா அதைக் கண்டதும் நெருப்பை மிதித்தவர் போலத் துள்ளினார்.

"இதை ஏன் இண்டைக்குக் கொண்டுவந்தனீ? கொண்டா இஞ்சை!"

அதைக் கொண்டுபோய்த் தடுப்புக்குப் பின்னால் குசினி ஆணியில் மாட்டினார். கண்ணாடி மறைக்கும் என்ற தைரியம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியோடு கையைத் தட்டிக்கொண்டார்.

அவள் முகம் கழுவிச் சேலை கட்டி முடிக்கவும் ஒழுங்கைக்குள் ஓட்டோ சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் இறங்கினார்கள். உடையார்கட்டில் நெல் மில் வைத்திருக்கும் குடும்பம். மகன் மோட்டார்சைக்கிளில் பின்னால் வருகிறானாம்.

சுமித்திரா குசினிக்குள் ஒரு பலகையில் குந்தி, ஈரத்துணியால் கண்ணாடியில் வட்டம் போட்டாள். தெளியவில்லை. துணியை நன்றாக நனைத்து மறுபடி துடைத்தாள். தண்ணீர் வழிந்து அவளுடைய சேலைக்குத்தான் வந்தது. கண்ணாடி கோவிலில் அபிஷேகம் வாங்கும் கல்லைப் போலப் பேசாமல் நின்றது.

"என்ன செய்யிறாய்?" என்றார் அம்மா, வடைத் தட்டோடு.

"துடைக்கிறன்."

"வந்த ஆக்களைப் பாக்காமல் இப்பதான் துடைப்போ?"

வெளியே மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. மாப்பிள்ளை நிரஞ்சனுக்கு விசுவமடுவில் செயின் கழன்றுவிட்டது. வீதிப் புழுதி தலையிலும், செயின் எண்ணெய் கையிலுமாக வந்தவன், முற்றத்துப் பைப்பில் முகம் கைகால் அரைகுறையாகக் கழுவிக்கொண்டு ஈரக் காலோடு உள்ளே வந்தான். கதிர்காமநாதனின் வீட்டு மாபிள் தரை அன்று மூன்று தரம் துடைக்கப்பட்டிருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறபோது நிரஞ்சன் எம்மாத்திரம்? கால் வழுக்கி, கை காற்றைத் துழாவி, கடைசியில் விரிந்த உள்ளங்கை 'பளார்' என்று கண்ணாடித் தடுப்பில் விழுந்தது.

"பயப்பிடாதேங்கோ, ரெம்பர்!" என்று கத்தினார் அப்பா. "உடையாது, உடையாது!"

குசினிக்குள் சுமித்திரா துணியோடு கையைப் பின்னால் இழுத்தாள். அவளுடைய முகத்துக்கு நேரே, ஐந்து விரலும் விரித்த ஒரு கை வடிவில் கண்ணாடி தெளிந்திருந்தது. கை விலகியது. அந்த இடத்தில் ஒரு கண் வந்தது. புருவத்தில் இன்னமும் செம்மண் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அப்பா பக்கத்தை மாற்றிப் பூட்டிவிட்டார். சொரசொரப்பு விறாந்தைப் பக்கம் இருக்கிறது. ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு, கள்ளனைப் போலக் குந்தியிருக்கும் தன்னை மாப்பிள்ளை தலை முதல் கால்வரை பார்த்துவிட்டான். வெட்கத்தில் அவளுக்குக் காது கொதித்தது. எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் அந்தக் கண் சிரிக்கவில்லை. ஆச்சரியப்பட்டது, பிறகு அவளைத் தாண்டி ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டைப் பார்த்தது, பிறகு மரியாதையாக விலகிக்கொண்டது. கை வடிவம் மெல்ல மெல்ல வெளுத்து மூடியது.

நிரஞ்சன் தடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். பெரியவர்கள் மழை, நெல் விலை, கோவில் திருவிழா என்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் தனக்குத் தந்த தண்ணீரில் விரலைத் தோய்த்து, ஒருவரும் பாராத நேரம் பார்த்துக் கண்ணாடியில் காசளவு வட்டம் ஒன்று போட்டான். உள்ளே எட்டிப் பார்த்தான். சுமித்திரா அதே இடத்தில்தான் இருந்தாள். ஏன் நகரவில்லை என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரிந்திராது. அவள் முறைத்தாள். அவன் ஹெல்மெட்டைக் கண்ணால் காட்டி, என்ன என்று புருவத்தை உயர்த்தினான். அவள் உதட்டைச் சுழித்தாள்.

அவன் வாய்விட்டே கேட்டுவிட்டான். "ஐயா, உள்ளுக்கு ஆணியிலை ஒரு பெரிய தொப்பி தொங்குது. அது ஆரின்ரை?"

கதிர்காமநாதனுக்கு வடை தொண்டையில் நின்றது. "தொப்பியோ? அது... அது தேன் எடுக்கிற தொப்பி."

"நீங்கள் தேனீ வளக்கிறனீங்களோ?" மாப்பிள்ளையின் தாய்க்கு முகம் மலர்ந்தது. "எனக்கு இந்தச் சளிக்கு நல்ல தேன்தான் தேடிக்கொண்டு திரியிறன். ஒரு போத்தல் இருக்குமோ?"

"இந்த முறை... பூ சரியில்லை," என்றார் அப்பா.

குசினிக்குள் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காவது நிக்கும். இந்த மனுசன்ரை எட்டு நிமிசம் நிக்காது போல கிடக்கு."

தேன் இல்லை என்றதும் மாப்பிள்ளையின் தாய்க்குக் கொஞ்சம் ஏமாற்றம். பேச்சை மாற்ற எதையாவது குறை சொல்லவேண்டும் போல இருந்தது. கையை நீட்டித் தடுப்பைத் தடவிப் பார்த்தார். "கண்ணாடி வடிவாத்தான் கிடக்கு. ஆனால் இந்தச் சொரசொரப்பை ஏன் எங்கடை பக்கம் திருப்பி விட்டிருக்கிறியள்? பூட்டினவன் பிழையாப் பூட்டிப்போட்டான் போல."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கதிர்காமநாதனுக்கோ அது உச்சந்தலையில் ஏறிவிட்டது. தேனீ, தொப்பி எல்லாம் மறந்துபோய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிழையோ? இதுதான் முறை! சொரசொரப்புப் பக்கம் குசினிக்கு வரவே கூடாது. எண்ணெய்ப்புகை பிடிச்சால் எந்தப் பவுடர் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. இது ரெம்பர் கண்ணாடி, தெரியுமோ? இதை நெருப்பிலை போட்டெடுத்த பிறகு வெட்டேலாது, விளிம்பு தேய்க்கேலாது. ஆழமாக் குடைஞ்சாலும் கற்கண்டு மாதிரிக் கொட்டுப்படும். அதாலை தோலிலை மட்டும் மெல்ல அடிச்சிருக்கு. அதுவும் கண்ட கண்ட மண்ணாலை இல்லை, கார்னெட்டாலை. மண்ணடிச்சால் நெஞ்சு போயிடும். இந்தப் பழத்தைப் பாருங்கோ, கிட்ட நிண்டு அடிச்சது. இலையைப் பாருங்கோ, தள்ளி நிண்டு ஊதினது. எத்தினை பேருக்கு இந்தக் கை வரும்? பிள்ளை அவசரத்திலை ரேப்பை மாறி ஒட்டிப்போட்டா. நான்தான் கண்டு, திருத்திப் பூட்டுவிச்சனான்!"

நுணலும் தன் வாயால் கெடும்.

"எந்தப் பிள்ளை?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

தடுப்புக்குப் பின்னால் சுமித்திரா துணியைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். இத்தனை வருடமாக அந்தப் பேப்பருக்குப் பின்னால் இருந்து அப்பா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் போனில் சொன்னதெல்லாம் வரி பிசகாமல் அவருக்குப் பாடம். வெட்கப்படுகிறார் என்று நினைத்த மனிதருக்குள் இவ்வளவு பெருமை மூடிக் கிடந்ததா? அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, தட்டு எதுவும் தூக்காமல், ஆணியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"தேனும் இல்லை, தேனீயும் இல்லை அன்ரி. இது என்ரை தொப்பி. இதைப் போட்டுக்கொண்டு நான்தான் கண்ணாடி அடிக்கிறனான்."

மாப்பிள்ளையின் தாய் அவளைப் பார்த்தார், சேலை நனைந்திருந்ததையும் பார்த்தார். பிறகு, எதிர்பார்த்த கேள்வி வந்தே விட்டது. "அப்ப கல்யாணத்துக்குப் பிறகு...?"

சுமித்திரா இதற்கான பதிலைக் கடையிலிருக்கும் எல்லா நிலைக்கண்ணாடிகளுக்கும் சொல்லிப் பழகியிருந்தாள். அவள் வாயைத் திறக்க முதல் அப்பா முந்திக்கொண்டார்.

"விடமாட்டா." சொல்லிவிட்டுக் கதிரையிலிருந்து எழுந்தார். "நான் பொய் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. தை கழியப் புதுக்குடியிருப்பிலை கடை திறக்கினம். அதைப் பாக்கப்போறது என்ரை பிள்ளை. விருப்பமெண்டால் மேலே கதைப்பம். இல்லையெண்டால் வடையைச் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

நிரஞ்சன் கையை நீட்டி ஹெல்மெட்டை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இதுக்குள்ளை காத்து எங்காலை வருது?"

"இந்தக் குழாயாலை. வடிகட்டி வரும். தூசு உள்ளுக்கு வராது," என்றாள் அவள். பிறகு சந்தேகத்தோடு, "ஏன் கேக்கிறியள்?" என்றாள்.

"மில்லிலை உமித்தூசு. நாங்கள் மூக்கிலை லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு நிக்கிறனாங்கள்."

"லேஞ்சியோ?" சுமித்திராவுக்குப் பெண் பார்க்கும் சபை என்பதே மறந்துவிட்டது. "உங்களுக்கென்ன விசரோ? அந்தத் தூசுக்கு லேஞ்சி என்ன செய்யும்? நாப்பது வயசிலை மாடிப்படி ஏறேலாமல் இளைச்சுக்கொண்டு நிக்கப்போறியள். நாளைக்கே ஒழுங்கான மாஸ்க் வாங்குங்கோ!"

அம்மா குசினிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாலாவதும் போனது என்று நினைத்தார். ஆனால் மாப்பிள்ளையின் தாய் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"சொல்லு பிள்ளை, நல்லாச் சொல்லு! நான் எத்தினை வருசமாச் சொல்லுறன், ஆர் கேட்டது? தகப்பனுக்கும் சேத்துச் சொல்லு!"

அதுவரை வாயே திறக்காமல் இருந்த தகப்பன் ஒரு தரம் இருமிவிட்டு, இன்னொரு வடையை எடுத்தார்.

மறுநாள் கடையில் மஸாஹிர் கேட்டார். "எப்படிப் புள்ள, நாலாவது ஆள் என்ன கண்ணாடி?"

"தெரியேல்லை நானா. பாத்த அளவிலை, தண்ணி பட்டால் தெளியிற சாதி."

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது, அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, சவர்க்காரமும் பிறஷுமாகக் கண்ணாடித் தடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாலைக் கொப்புக்குப் பக்கத்தில், செயின் எண்ணெய் பிடித்த ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன.

"போகுதில்லை பிள்ளை. காலமையிலையிருந்து தேய்க்கிறன்."

"சொரசொரப்பிலை எண்ணெய் பிடிச்சால் போகாது எண்டு நீங்கள்தானே நேற்று எல்லாருக்கும் படிப்பிச்சனீங்கள்?"

அப்பா பிறஷைக் கீழே வைத்தார். மகளின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அப்ப இதை என்ன செய்யிறது? அவையளும் காலமை போன் எடுத்தவை. எங்கடை பதில் என்னவாம்."

சுமித்திரா கிட்டப் போய் அந்தக் கை அடையாளத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். விரல்கள் அவளுடையதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தன.

"இது இப்பிடியே கிடக்கட்டும் அப்பா," என்றாள். "அவையளுக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ."